‘டெலிவர்ட்’ என்று சொன்னது யார்?

சென்ற ஆண்டு ஆடி முடிகிற நேரம், அக்காவிடமிருந்து போன். "டேய், பார்சல் டெலிவர்ட்னு போட்டிருக்குடா. எனக்கு எதுவும் வரலையே!"

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். பழைய எம்பிராய்டரி மிஷின் ஒன்றுக்கு உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்கவில்லை என்று வெளிநாட்டு ஆன்லைன் சந்தை ஒன்றில் ஆர்டர் போட்டிருந்தாள். 7,400 ரூபாய், டெபிட் கார்டில். தீபாவளி சீசனுக்குள் மிஷின் ஓடியாக வேண்டும். ஆர்டர் போட்ட 51ஆம் நாள் அந்த ‘டெலிவர்ட்’ வந்தது. சந்தையின் ‘வாங்குபவர் பாதுகாப்பு’ 60 நாளில் முடியும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளிநாட்டுத் தபால்க்கா. ஊருக்கு வந்துட்டாலே அப்படித்தான் காட்டும். நாலு நாள் பொறு, போஸ்ட்மேன் கொண்டு வருவார்."

வரவில்லை. 60 நாள் போயிற்று. பணமும் போயிற்று.

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். ஒரு டேட்டாபேஸில் ஒரு நிலை மாறினால் அதை யார் மாற்றினார், எந்த ஆதாரத்தில் மாற்றினார் என்று அலுவலகத்தில் தினமும் கேட்கிறவன். அக்கா விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த உறுத்தலில்தான் கொஞ்சம் தோண்டினேன். இந்தக் குறிப்பு அதன் பலன். நண்பர்கள் சிலர் "ரீஃபண்ட் வாங்குவது எப்படி என்று பத்து பாயிண்டாக எழுது" என்றார்கள். அப்படி எழுதியவை ஏற்கெனவே நிறைய உண்டு. பெரும்பாலானவை "விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள், பொறுமையாக இருங்கள், வங்கியை அணுகுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. மூன்றும் சரிதான். ஆனால் மூன்றிலும் குழி இருக்கிறது. அந்தக் குழியை யார் வெட்டினார்கள் என்பதுதான் என் விமர்சனம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

முதலில் அந்த ட்ராக்கிங் எண்ணைப் பார்ப்போம். நாடு விட்டு நாடு போகும் தபாலுக்கு ஒரு பொது இலக்கண முறை உண்டு. 1874இல் பெர்ன் நகரத்து ஒப்பந்தத்தில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த எஸ்10 என்ற தரம் அது. மொத்தம் 13 இடம். முதலில் இரண்டு எழுத்து, அது தபாலின் வகை. அடுத்து எட்டு இலக்கம், அதுதான் வரிசை எண். அதன்பின் ஒரு சரிபார்ப்பு இலக்கம். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு: இந்தியா என்றால் ஐ.என்., சீனா என்றால் சி.என்.

சரிபார்ப்பு இலக்கத்தை நீங்களே கையால் போட்டுப் பார்க்கலாம். எட்டு இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து வரும் மீதியை 11இலிருந்து கழியுங்கள். விடை 10 வந்தால் 0 என்றும் 11 வந்தால் 5 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக 12345678 என்ற எண். 8, 12, 12, 8, 15, 30, 63, 56. கூட்டினால் 204. 11ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போக 5. ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5.

விற்றவர் கொடுத்த எண் எஸ்10 வடிவத்தில் இருந்து இந்தக் கணக்கில் தேறாவிட்டால், அது தப்பாக அடிக்கப்பட்ட எண், அல்லது கற்பனை எண். ஐந்து நிமிஷ வேலை.

முதல் எழுத்தையும் கவனியுங்கள். ஆர் என்றால் பதிவுத் தபால். இ என்றால் இ.எம்.எஸ். விரைவு அஞ்சல். சி என்றால் பார்சல். யு என்றால் வழி நெடுக ஸ்கேன் செய்வதும் கையெழுத்து வாங்குவதும் கட்டாயமில்லாத சாதாரணத் தபால். யு எண்ணில் அனுப்பிவிட்டு "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று ஒருவர் சொன்னால், செலவை மிச்சம் பிடித்தது அவர், அதற்கான ரிஸ்க் உங்கள் தலையில் என்று பொருள்.

அக்காவின் எண் கணக்கில் தேறியது. உண்மையான எண், உண்மையான தபால். எங்கள் ஊருக்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் அக்காவுக்கு வரவில்லை! டெலிவரி போஸ்ட் ஆஃபீஸுக்கு நேரில் போய் விசாரித்தோம். அந்த எண்ணில் வந்தது வேறு தெருவுக்கு, வேறு பெயருக்கு என்று தெரிந்தது. இது புதிய தந்திரம் அல்ல. வாங்கியவர் இருக்கும் அதே ஊருக்குப் போகும் வேறொரு தபாலின் எண்ணை எடுத்து இவருக்குக் கொடுத்துவிடுவது. பொதுவில் தெரியும் ட்ராக்கிங் பக்கத்தில் ஊர்தான் தெரியும், வீட்டு விலாசம் தெரியாது. அந்த இடைவெளிக்குள் புகுந்துகொள்கிறார்கள்.

ஆக, எண் சொல்வது இவ்வளவுதான்: ஏதோ ஒரு பொருள், ஏதோ ஒரு விலாசத்துக்கு, இந்த ஊரில் கொடுக்கப்பட்டது. அது என்ன பொருள், யாருடைய விலாசம் என்ற இரண்டையும் எண் சொல்லவில்லை. ஆனால் சந்தையின் கம்ப்யூட்டர் இந்த ஒற்றைச் சொல்லைப் படித்து ‘வழக்கு முடிந்தது’ என்று எழுதிவிடுகிறது. தபால்காரரின் பதிவு வாங்கியவரின் ஒப்புதலாக மாறிவிட்டது. ஒரு டெவலப்பராகச் சொல்கிறேன், இது மோசமான டிசைன்.

1930இன் நிழல்

மோசமான டிசைன் வானத்திலிருந்து விழவில்லை. நம் பொருள் விற்பனைச் சட்டம், 1930. அதன் 39ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விற்பவர் பொருளை அனுப்பிவைக்க வேண்டிய ஒப்பந்தத்தில், அதை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளலாம் என்கிறது. இதன் மூலம் 1893ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். கப்பலில் பஞ்சு மூட்டை ஏற்றிவிட்டு ரசீது வாங்கும் வணிகர்களின் உலகம் அது. இரு பக்கமும் வியாபாரிகள். வாங்குபவரே இன்ஷூரன்ஸ் எடுப்பார், ஏஜென்ட் வைத்திருப்பார்.

அதே பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். விற்பவர் நியாயமான முறையில் அனுப்ப ஏற்பாடு செய்யாமல் பொருள் வழியில் தொலைந்தால், ‘ஏற்றிவிட்டதே ஒப்படைத்ததாகும்’ என்பதை வாங்குபவர் ஏற்க மறுக்கலாம். ஆனால் தையல் கடைக்காரர் ஒருவர் இதை எந்த கஸ்டமர் கேர் சாட்டில் எடுத்து வாதாடுவார்?

அந்தச் சட்டத்தின் தாய்வீட்டில் என்ன ஆயிற்று பாருங்கள். பிரிட்டனில் 2015இல் நுகர்வோர் உரிமைச் சட்டம் வந்தது. வியாபாரி நுகர்வோருக்கு விற்றால், பொருள் நுகர்வோரின் கைக்கு வந்து சேரும்வரை ரிஸ்க் வியாபாரியுடையது என்று 29ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. (வியாபாரி காட்டாத கூரியரை நுகர்வோரே தனியாக ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் விலக்கு.) ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையிலும் இதே விதி. வேறு நாள் பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அங்கே உண்டு. நமக்கு அந்த 1893ஐக் கொடுத்தவர்கள், நுகர்வோர் விஷயத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் அணிந்திருக்கிறோம்.

"நமக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. நல்ல சட்டம்தான். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2020 மின் வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாத நிறுவனமானாலும் இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து முறையாக விற்றால் அதற்கும் பொருந்தும் என்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சொன்ன நாளைவிடத் தாமதமாக வந்தால்கூட பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. அப்படியானால் வராமலே போனதற்கு மறுக்கவே முடியாது, இல்லையா?

தாளில் எல்லாம் சரி. ஆனால் 7,400 ரூபாய்க்காக எந்த நாட்டில் எந்த மாடியில் இருக்கிறார் என்றே தெரியாத ஒருவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் வராமல் தீர்ப்பு வாங்கி, அதை அங்கே போய் நிறைவேற்றுவது யாரால் முடியும்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளூர் நிறுவனங்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. இங்கே விலாசமே இல்லாதவரிடம் அதுவும் என்ன செய்யும்?

கையெட்டும் தூரத்தில் இருப்பது வங்கி

இந்த வியாபாரத்தில் நம் ஊரில் விலாசம் உள்ள ஒரே ஆள், கார்டு கொடுத்த வங்கி. அதனால்தான் மற்ற நாடுகள் சட்டத்தின் பிடியை அங்கே போட்டன.

அமெரிக்காவில் 1974இல் நியாயமான கடன் பில்லிங் சட்டம் வந்தது. பேசியபடி கொடுக்கப்படாத பொருளுக்குப் பணம் எடுப்பதையே அது ‘பில்லிங் பிழை’ என்கிறது. பில் வந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். தீரும்வரை அந்தத் தொகையை வங்கி வசூலிக்கக் கூடாது. அதே 1974இல் பிரிட்டனின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு: பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், விற்றவரோடு கிரெடிட் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்துமா என்று வங்கிகள் உச்சம்வரை போய் வாதாடின. பொருந்தும் என்று 2007இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இங்கே? நமக்கு இருப்பது ‘சார்ஜ்பேக்’ மட்டும். இது சட்டம் தந்த உரிமை அல்ல, கார்டு நெட்வொர்க்கின் உள்விதி. உங்கள் வங்கி நெட்வொர்க் வழியாக விற்றவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். விற்றவர் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் திரும்பும். விதி உண்மையிலேயே நல்ல விதி. விசாவில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்பதற்கு 13.1 என்று தனி எண்ணே உண்டு. பொருள் வந்து சேரும் என்று எதிர்பார்த்த கடைசி நாளிலிருந்து 120 நாள் அவகாசம், ஆனால் பணம் எடுத்த நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. நம் நாட்டு சுங்கத்தில் பொருள் மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது. ஆகவே கே.ஒய்.சி. கேட்டு கூரியர்காரர் அனுப்பிய மெயில் ஸ்பாமில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த விதியை நம் வங்கிக் கிளைகள் எப்படி நடத்துகின்றன என்பதில்தான் எனக்குக் கோபம். அக்காவுக்குக் கொடுத்த படிவத்தில் பெரிய எழுத்தில் இருந்த கட்டம், ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’. "இதுல டிக் பண்ணுங்கம்மா, எல்லாரும் அதான் பண்ணுவாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். அக்கா டிக் செய்தாள். பதினைந்து நாளில் பதில்: ஓ.டி.பி. சரியாக உள்ளிடப்பட்டுள்ளது, பரிவர்த்தனை செல்லும், புகார் முடிக்கப்பட்டது. மறுபடி சரியான காரணத்தோடு போனால், ‘இதே பரிவர்த்தனை மீதான புகார் ஏற்கெனவே முடிக்கப்பட்டது’.

திருட்டு வேறு, வராத பொருள் வேறு. ரிசர்வ் வங்கியே திருட்டுக்குத்தான் முக்கியக் கவனம் தந்திருக்கிறது. 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்பை வரையறுத்தது. அருமையான சுற்றறிக்கை. ஆனால் அக்கா அனுமதித்துத்தான் பணம் கொடுத்தாள். அனுமதித்தது பொருள் வரும் என்று நம்பி. அந்த நம்பிக்கை முறிந்ததற்கு 1974 அமெரிக்கச் சட்டம் போல, நேரான, நாள் கணக்கோடு கூடிய ஒரு விதி நம்மிடம் இல்லை. கட்டம் இல்லாததால் கவுன்டரில் இருப்பவர் இருக்கிற கட்டத்தில் டிக் செய்யச் சொல்கிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

"இப்படிச் சட்டம் போட்டால் வங்கி செலவையெல்லாம் நம் தலையில்தான் கட்டும், பொய்ப் புகாரும் பெருகும்" என்று வங்கியில் இருக்கும் நண்பர் சொன்னார். இரண்டாவது பாதி நியாயமான கவலை. வாங்கிக்கொண்டே வரவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள், சின்ன வியாபாரிகள் அதில் நொடித்துப் போவதும் உண்டு. அதற்கு மருந்து, விலாசத்தோடு கூடிய டெலிவரி ஆதாரம். அதை வைத்திருக்கும் வாய்ப்பு அனுப்பியவருக்குத்தான் உண்டு. கிடைக்கவில்லை என்பதை நான் எப்படி நிரூபிப்பேன்? வெறும் கையைத்தான் காட்ட முடியும். முதல் பாதியை நான் ஏற்கவில்லை. சார்ஜ்பேக் வென்றால் பணம் போவது விற்றவரின் பக்கத்திலிருந்து. நம் வங்கிக்குச் செலவு, படிவத்தை ஒழுங்காகப் படிப்பதுதான்.

பொறுமை யாருக்கு லாபம்?

இரண்டாவது குழி காலம். அக்காவுக்கு விற்றவர் அனுப்பிய மெயில்கள் எல்லாம் மரியாதையானவை. "தாமதத்துக்கு வருந்துகிறோம், இன்னும் இரண்டு வாரம் காத்திருங்கள்." மறுபடி அதே. பிறகு "நல்லெண்ணமாக 20 சதவீதம் தருகிறோம், புகாரை மூடிவிடுங்கள்." ஒவ்வொரு ‘இரண்டு வாரமும்’ ஏதோ ஒரு கடிகாரத்தில் கழிகிறது. ஈபேயில் உத்தேச டெலிவரி நாளின் கடைசியிலிருந்து 30 நாள். பேபாலில் பணம் கொடுத்ததிலிருந்து 180 நாள். ஆனால் அங்கே தகராறு திறந்து 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்க முடியாது. விற்றவருக்கு இந்த எண்கள் மனப்பாடம். நமக்குத் தெரியாது. நம் பண்பாட்டில் பொறுமை நல்ல குணம். இங்கே அது எதிராளியின் ஆயுதம்.

என் கதை

அக்கா விஷயம் முடிந்து ஆறு மாதத்தில் எனக்கே நேர்ந்தது. பழைய தொல்லியல் அறிக்கை ஒன்றின் பிரதி, வெளிநாட்டுப் பழைய புத்தக வியாபாரியிடம், 64 பவுண்டு. வரவில்லை. இந்த முறை சொன்ன தேதி தாண்டிய மறுநாளே விற்றவருக்கு எழுத்தில் கேட்டேன். பத்து நாள் கெடு. பதில், வழக்கம்போல "காத்திருங்கள்". பதினோராம் நாள் வங்கிக்கு மெயில். உள்ளடக்கம் ஐந்தே வரி: பரிவர்த்தனையை நான்தான் செய்தேன், பொருள் கிடைக்கவில்லை, டெலிவரி தேதி இது, ஆதாரம் இணைப்பில், விற்றவரிடம் கேட்டது, அவர் பதில் இணைப்பில், ஆகவே ‘பொருள் பெறப்படவில்லை’ என்ற காரணத்தில் சார்ஜ்பேக் எழுப்பவும், புகார் எண் தரவும்.

முதல் வரிதான் முக்கியம். "நான்தான் செய்தேன்."

ஏழு வாரத்தில் பணம் வந்தது. மூன்றரை சதவீத மார்க்அப்பும் அதன் மேல் போட்ட 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரவில்லை. புத்தகமும் வரவில்லை, அது வேறு துக்கம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. எனக்கு அது தேவைப்படவில்லை.

இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அக்கா தோற்றதால் எனக்கு வழி தெரிந்தது, அவ்வளவுதான். மெயில் எழுதத் தெரிந்த, கிரெடிட் கார்டு உள்ள, விதி எண்ணைத் தேடிப் படிக்க நேரம் உள்ள ஒருவனுக்குக் கிடைப்பதும், கவுன்டரில் போய் நின்று கேட்பவருக்குக் கிடைக்காததும் உரிமை ஆகாது. படிவத்தில் ‘நான் செய்தேன், பொருள் வரவில்லை’ என்று தமிழில் ஒரு கட்டம், தீரும்வரை நாள் கணக்கு, 1930இன் 39ஆம் பிரிவுக்கு நுகர்வோர் விலக்கு. இவ்வளவுதான் நான் கேட்பது.

போன வாரம் அக்காவிடம் பணம் வந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நீ என்னைப் பொறுன்னு சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மிஷின் இன்னும் ஓடவில்லை.